சம்பளத்தோடு ஒரு முனைவர் பட்டம்

எம்.எஸ்சி. இறுதியாண்டில் இருக்கும் தம்பி, தங்கைகளுக்கு,

திருவாரூரிலோ தருமபுரியிலோ ஓர் அரசுக் கலைக் கல்லூரியில், இல்லாவிட்டால் உதவிபெறும் கல்லூரி ஒன்றில் இயற்பியல், வேதியியல், தாவரவியல், நுண்ணுயிரியல் என்று படித்துக்கொண்டு, "வெளிநாட்டில் பிஎச்.டி. பண்ண முடியுமா?" என்று உங்களுக்குள் பேசிக்கொண்டிருக்கிறீர்களே, உங்களுக்குத்தான் இந்த மடல். நானும் அப்படியொரு கல்லூரியில் படித்தவள். இப்போது ஜெர்மனியில் ஓர் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்க்கிறேன். எங்கள் குழுவுக்கு முனைவர் பட்ட ஆய்வாளரை எடுக்கும்போதெல்லாம் விண்ணப்பங்களைப் படித்துச் சலிக்கும் பொறுப்பு என்னிடமும் வரும். தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றின் பெயரைப் பார்த்ததும் ஆசையோடு திறப்பேன். பல விண்ணப்பங்கள் முதல் பக்கத்திலேயே நின்றுபோகும். மதிப்பெண் நன்றாக இருக்கும், பாடம் தெரிந்த பிள்ளை என்பதும் தெரியும். ஆனால் யாரிடம், என்ன கேட்கிறோம் என்பதை ஒருவரும் சொல்லிக்கொடுக்காத விண்ணப்பமாக அது இருக்கும். சொல்லிக்கொடுக்க வேண்டியவர்கள் முன்னால் போன நாங்கள்தான். அதனால் எழுதுகிறேன்.

முதலில் பணம் எங்கிருந்து வருகிறது என்று பார்த்துவிடுவோம். நம் ஊரில் "ஸ்காலர்ஷிப் கிடைத்தால் போகலாம்" என்பதே பேச்சு. எங்கோ ஒரு பெரிய அமைப்பு ஆண்டுக்கு ஒருமுறை அறிவிப்பு விடும், நாடு முழுவதும் போட்டி போடும், கடைசியில் யாரோ ஒருவருக்குக் கிடைக்கும் என்று நினைத்துக்கொள்கிறோம். அப்படிப்பட்டவை உண்டு. ஆனால் வட ஐரோப்பாவிலும் ஜெர்மனியிலும் அறிவியல் துறைகளில் முனைவர் ஆய்வு செய்யும் பெரும்பாலானவர்கள் அந்த வழியில் வந்தவர்கள் இல்லை. ஒரு பேராசிரியர் ஜெர்மன் ஆராய்ச்சி அறக்கட்டளைக்கோ ஐரோப்பிய ஆராய்ச்சி மன்றத்துக்கோ ஓர் ஆய்வுத் திட்டம் எழுதி அனுப்புகிறார். ஒப்புதல் வந்தால், கருவிக்கும் ரசாயனத்துக்கும் ஒதுக்கிய தொகையோடு, ஒன்றிரண்டு ஆய்வாளர்களின் மூன்றாண்டுச் சம்பளமும் அதில் இருக்கும். உடனே பல்கலைக்கழகம் அந்த வேலைக்கு விளம்பரம் கொடுக்கிறது. சில வாரங்கள்தான் அது திறந்திருக்கும். எந்த நாட்டுக்காரரும் விண்ணப்பிக்கலாம். அந்தப் பேராசிரியருக்கு ஆள் தேவை, அதுவும் குறித்த காலத்துக்குள் தேவை. நீங்கள் யாரிடமும் தயவு கேட்டு நிற்கவில்லை. காலியாக இருக்கும் ஒரு வேலைக்கு விண்ணப்பிக்கிறீர்கள். இது மனத்தில் பதிந்துவிட்டால் எங்கே தேடுவது, எப்படி எழுதுவது, நேர்காணலில் எப்படி உட்காருவது எல்லாமே மாறிவிடும்.

ஒரு விளம்பரத்தை எடுத்துக்கொள்வோம். "டிவி-எல் இ-13, 65%, மூன்று ஆண்டு" என்று போட்டிருக்கும். டிவி-எல் என்பது ஜெர்மன் மாநில அரசு ஊழியர்களின் சம்பள ஒப்பந்தம். இ-13 என்பது முதுநிலைப் பட்டம் பெற்றவர்களுக்கான படிநிலை. 2025 நிலவரப்படி அதன் தொடக்கச் சம்பளம் முழுப் பணிக்கு மாதம் 4,600 யூரோவுக்குச் சற்று மேல். 65% என்றால் 3,000 யூரோவை ஒட்டி வரும். வரி, மருத்துவக் காப்பீடு, ஓய்வூதியப் பிடித்தம் எல்லாம் போகக் கையில் சுமார் 2,000 யூரோ நிற்கும். மியூனிக்கில் வாடகைக்கே அதில் பெரும்பகுதி போய்விடும். லைப்சிக், யேனா போன்ற ஊர்களில் நிம்மதியாக இருக்கலாம். அந்தச் சதவீதம் ஒவ்வொரு துறைக்கும் மாறும்: உயிரியலில் பாதியும் முக்கால் பங்கும் சாதாரணம், கணினியியலிலும் பொறியியலிலும் முழுப் பணியே கிடைப்பதுண்டு. சதவீதம் குறைவு என்பதால் வேலை குறையாது, ஆய்வுக்கூடத்தில் எல்லோரும் முழுநாளும்தான் இருப்பார்கள். இதை முன்கூட்டியே தெரிந்துகொள்வது நல்லது.

ஜெர்மனிக்குப் படிக்கப் போகிறவர்கள் வங்கியில் முடக்கிவைக்கும் கணக்கைப் பற்றி ஏஜென்ட்டுகள் பயமுறுத்தியிருப்பார்கள். 2024 செப்டம்பரிலிருந்து அது ஆண்டுக்கு 11,904 யூரோ, நம் பணத்தில் பத்து லட்சத்துக்கு மேல். சொந்தச் செலவில் முதுநிலை படிக்கப் போகிறவர்களுக்கான ஏற்பாடு அது. வாழ்க்கைச் செலவுக்குப் போதுமான சம்பளத்தோடு பணி ஒப்பந்தம் கையில் இருந்தால் அந்த ஒப்பந்தமே பணத்துக்கு அத்தாட்சி. அப்பாவின் நிலத்தை அடமானம் வைக்கத் தேவையில்லை.

நெதர்லாந்தில் முனைவர் ஆய்வாளர் பல்கலைக்கழக ஊழியர், வழக்கமாக நான்கு ஆண்டு. சுவீடனில் நான்கு ஆண்டு ஆய்வு, ஐந்தில் ஒரு பங்கு வரை பாடம் நடத்தும் வேலையும் சேர்ந்தால் ஐந்து ஆண்டாக நீளும். நார்வேயில் மூன்று அல்லது நான்கு, டென்மார்க்கில் மூன்று. ஊழியராகச் சேர்கிறவரிடம் கல்விக் கட்டணம் வாங்குவதில்லை. இந்த விளம்பரங்கள் எங்கே வருகின்றன? ஐரோப்பிய ஆணையம் நடத்தும் யூராக்ஸெஸ் தளத்தில் எல்லா நாட்டு விளம்பரங்களும் வரும். நெதர்லாந்துக்கு அகாடமிக் டிரான்ஸ்ஃபர், நார்வேக்கு ஜாப்நோர்கே. சுவீடனில் ஒவ்வொரு பல்கலைக்கழகமும் தன் காலிப் பணியிடப் பக்கத்தில் போடும். வாரத்தில் ஒரு மாலை இதற்கென்று ஒதுக்குங்கள். தேடும் இடத்தில் "ஸ்காலர்ஷிப்" என்று தட்டாதீர்கள். உங்கள் துறையில் நீங்கள் ஆசைப்படும் பொருளின் பெயரைத் தட்டுங்கள், நானோ வினையூக்கி, வேர்முடிச்சுப் பாக்டீரியா, எதுவோ அது.

மேரி கியூரி முனைவர் ஆய்வு வலையமைப்புகள் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் பிள்ளைகளுக்கு அதைவிடத் தோதானது குறைவு. பல நாட்டு ஆய்வுக்கூடங்கள் ஒன்றுசேர்ந்து ஐரோப்பிய ஒன்றியத்திடம் பணம் வாங்கி, பத்துப் பேர், பதினைந்து பேர் என்று ஒரே சமயத்தில் எடுக்கும். மூன்றாண்டு ஒப்பந்தம், நல்ல சம்பளம், இடையில் வேறு நாட்டு ஆய்வுக்கூடத்தில் சில மாதம் வேலை செய்யும் வாய்ப்பு. குடியுரிமை தடையில்லை. ஏற்கெனவே முனைவர் பட்டம் வாங்கியிருக்கக் கூடாது. இன்னொரு விதியும் உண்டு: வேலையில் சேரும் நாளுக்கு முந்தைய 36 மாதங்களில், போகப்போகும் நாட்டில் 12 மாதத்துக்கு மேல் வசித்திருக்கவோ வேலை பார்த்திருக்கவோ கூடாது. ஆய்வாளர்கள் நாடு விட்டு நாடு போக வேண்டும் என்பதற்காக வைத்த விதி. அந்த நாட்டிலேயே படித்த மாணவரை அது தடுத்துவிடும். பாஸ்போர்ட்டில் ஒரு முத்திரைகூட விழாத உங்களுக்கு அது பச்சைக்கொடி.

மேக்ஸ் பிளாங்க் ஆய்வு நிறுவனங்களின் பன்னாட்டு ஆய்வுப் பள்ளிகள் வேறு மாதிரி. 2000ஆம் ஆண்டு தொடங்கியவை, இப்போது அறுபதுக்கும் மேல் இருக்கின்றன. தனிப் பேராசிரியருக்கு எழுதாமல் பள்ளிக்கே விண்ணப்பிக்க வேண்டும். பெரும்பாலானவை ஆண்டுக்கு ஒருமுறை விண்ணப்பம் கேட்கும். வேலைமொழி ஆங்கிலம். போட்டி கடுமை, ஆனால் தேர்வு முறை ஒழுங்கானது.

இனி விண்ணப்பத்துக்கு வருகிறேன். எனக்கு வரும் மின்னஞ்சல்களில் ஒரு வகை உண்டு. "ரெஸ்பெக்டட் சார்/மேடம்" என்று தொடங்கும். அடுத்த வரியில் "உங்கள் மதிப்புமிக்க நிறுவனத்தில்" என்று இருக்கும், எந்த நிறுவனம் என்று இருக்காது. பிறகு கடின உழைப்பாளி, சிறுவயது முதலே அறிவியலில் ஆர்வம், ஆசிரியரின் ஊக்கம். கடைசியில் இணைப்பாகப் பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலிலிருந்து என்.எஸ்.எஸ். சான்றிதழ் வரை ஒன்பது கோப்புகள். இதை எழுதிய பிள்ளை இரவெல்லாம் கண்விழித்திருக்கும் என்று எனக்குத் தெரியும். என் பக்கத்து மேசைக்காரருக்குத் தெரியாது. அவர் அடுத்ததற்குப் போய்விடுவார்.

அதற்குப் பதில் என்ன எழுதலாம்? போன ஆண்டு வந்த ஒரு கடிதம் நினைவிருக்கிறது. டெல்டாப் பகுதிக் கல்லூரி ஒன்றிலிருந்து ஒரு பெண் எழுதியிருந்தாள். எங்கள் கட்டுரை ஒன்றைப் படித்திருந்தாள். அதில் மண்ணின் உப்புத்தன்மையை ஒரே அளவில் வைத்து ஒரு பாக்டீரியாவைச் சோதித்திருந்தோம். தன் ஊர் வயலில் கோடைக்கும் மழைக்கும் இடையே அந்த அளவு எப்படி ஏறி இறங்கும் என்பதைத் தன் எம்.எஸ்சி. திட்டப்பணியில் அளந்திருப்பதாகவும், அதே பாக்டீரியா அந்த ஏற்ற இறக்கத்தில் எப்படி நடந்துகொள்ளும் என்று பார்க்க ஆசை என்றும் ஏழெட்டு வரிகளில் சொல்லியிருந்தாள். அவளிடம் இருந்த கருவி ஒரு சாதாரணக் கடத்துதிறன் மானி, அவ்வளவுதான். ஆங்கிலத்தில் பிழைகள் இருந்தன. குழுவில் ஒருவர்கூட அதைப் பொருட்படுத்தவில்லை. நேர்காணலுக்கு அழைத்த முதல் பெயர் அவளுடையது.

திட்டப்பணி என்றதும் சொல்லியே ஆக வேண்டிய ஒன்று. "ப்ராஜெக்ட் சென்டர்" என்று பலகை மாட்டிக்கொண்டு எம்.எஸ்சி. திட்டப்பணியை விலைக்கு விற்கும் கடைகள் சென்னையிலும் கோவையிலும் மதுரையிலும் இருக்கின்றன. நண்பர்கள் எல்லோரும் வாங்குகிறார்கள், நேரமில்லை, கல்லூரியில் வசதியில்லை என்று நீங்களும் போகாதீர்கள். நேர்காணலில் முதல் கேள்வியே "இந்தப் படத்திலுள்ள அளவீட்டை நீ எடுத்தாயா, எப்படி எடுத்தாய், எது தவறிப்போனது?" என்பதாகத்தான் இருக்கும். தவறிப்போன பரிசோதனையைப் பற்றி ஐந்து நிமிடம் பேசத் தெரிந்தவருக்கு வேலை கிடைக்கும். கல்லூரியில் கருவி இல்லையென்றால், கருவி இருக்கும் இடத்துக்குப் போகும் வழிகளைப் பாருங்கள். இந்திய அறிவியல் கழகங்கள் மூன்றும் சேர்ந்து நடத்தும் கோடைகால ஆய்வு உதவித்தொகைக்கு ஒவ்வோர் ஆண்டும் விண்ணப்பம் கேட்கிறார்கள். தேர்வானால் நாட்டின் நல்ல ஆய்வு நிறுவனங்களில் இரண்டு மாதம் வேலை செய்யலாம். அங்கே உங்களைப் பார்த்த விஞ்ஞானி எழுதும் பரிந்துரைக் கடிதத்துக்குத் தனி எடை உண்டு.

அதேபோல, காசு கொடுத்தால் ஒரே வாரத்தில் அச்சிடும் இதழ்களில் கட்டுரை போடாதீர்கள். "பன்னாட்டு ஆய்விதழ்" என்று பெரிய பெயர் இருக்கும், ஐஎஸ்எஸ்என் எண்ணும் இருக்கும். அந்த எண் இதழின் தரத்துக்குச் சான்று இல்லை, யார் வேண்டுமானாலும் வாங்கலாம். ஒருவரின் விண்ணப்பத்தில் அப்படி நான்கு கட்டுரை இருந்தால், கட்டுரையே இல்லாதவரைவிட அவர் பின்னால் தள்ளப்படுகிறார். எம்.எஸ்சி. மாணவரிடம் யாரும் கட்டுரை எதிர்பார்ப்பதில்லை.

பரிந்துரைக் கடிதம் கேட்கப்போனால் "நீயே எழுதிக்கொண்டு வாம்மா, கையெழுத்துப் போடுகிறேன்" என்று சொல்லும் ஆசிரியர்கள் நம் ஊரில் நிறைய. வேலைப்பளு அவர்களுக்கு அப்படி. மூன்று மாணவர்களுக்கு ஒரே கடிதம், பெயர் மட்டும் மாறி வந்ததை நான் பார்த்திருக்கிறேன். இந்த மடலைப் படிக்கும் ஆசிரியர்களை நான் கையெடுத்துக் கேட்டுக்கொள்கிறேன்: அரைப் பக்கம் போதும், ஆய்வகத்தில் அந்தப் பிள்ளை செய்த ஒரே ஒரு காரியத்தை எழுதுங்கள். பிள்ளைகளே, நீங்களும் சாரைக் கடைசி நாளில் போய்ப் பிடிக்காதீர்கள். மூன்று வாரம் முன்பே போங்கள். எந்த வேலை, என்ன ஆய்வு, அவரிடம் நீங்கள் என்ன செய்தீர்கள் என்று ஒரு தாளில் குறித்துக் கொடுங்கள். கடிதத்தை அவர் தன் பல்கலைக்கழக, கல்லூரி மின்னஞ்சலிலிருந்து அனுப்புவது முக்கியம். சொந்த ஜிமெயிலிலிருந்து வரும் கடிதத்தைச் சில நிறுவனங்கள் ஏற்பதில்லை.

சான்றிதழ் விஷயத்தில் ஒரு நுணுக்கம். தன்னாட்சிக் கல்லூரியில் படித்தாலும் பட்டம் கொடுப்பது சென்னைப் பல்கலைக்கழகமோ பாரதிதாசனோ காமராசரோதான். ஜெர்மானியர்கள் அனபின் என்ற தரவுத்தளத்தில் வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களை வகைப்படுத்தி வைத்திருக்கிறார்கள். உங்கள் கல்லூரிப் பெயரைத் தேடிக் காணவில்லை என்று பதறாமல், பட்டம் வழங்கும் பல்கலைக்கழகத்தின் பெயரைத் தேடுங்கள். இளநிலை மூன்றும் முதுநிலை இரண்டுமாக ஐந்தாண்டு என்பது அங்கே முனைவர் ஆய்வுக்குப் பொதுவாகப் போதும்.

அமெரிக்கா வேறு கதை. அங்கே முதுநிலை இல்லாமலேயே முனைவர் படிப்பில் சேர முடியும். அறிவியல் துறைகளில் பாடம் நடத்த உதவுவதற்கோ ஆய்வுக்கோ மாதத் தொகை தந்து, கல்விக் கட்டணத்தையும் துறையே ஏற்றுக்கொள்ளும். பெரும்பாலான துறைகளுக்கு டிசம்பரில் கடைசி நாள். ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் நூறு டாலர் அளவுக்குக் கட்டணம், பத்து இடம் என்றால் ஒரு குடும்பத்தின் சேமிப்பு போய்விடும். கட்டண விலக்கு தரும் பல்கலைக்கழகங்கள் உண்டு, கேட்டால்தான் தருவார்கள். நிதியுதவியோடு இடம் வந்தால், பெரும்பாலான பல்கலைக்கழகங்கள் ஏற்றுக்கொண்ட பொது உடன்பாட்டின்படி ஏப்ரல் 15 வரை யோசிக்க உங்களுக்கு உரிமை உண்டு. அதற்கு முன்பே கையெழுத்துக் கேட்டு நெருக்கினால் தயங்காமல் அவகாசம் கேளுங்கள்.

ஜப்பானின் மெக்ஸ்ட் உதவித்தொகைக்குத் தூதரகம் வழியாகவும் பல்கலைக்கழகம் வழியாகவும் இரண்டு பாதைகள். தைவானுக்குச் சென்னையிலேயே 2012 முதல் தைப்பே பொருளாதாரப் பண்பாட்டு மையம் இருக்கிறது, அகாடமியா சினிகாவின் பன்னாட்டு முனைவர் திட்டமும் நல்ல இடம். பிரிட்டனில்தான் வெளிநாட்டு மாணவருக்கான கட்டணம் பெரும் தடை. காமன்வெல்த், கேட்ஸ் கேம்பிரிட்ஜ் போன்றவை அதைத் தாண்ட உதவும், இடங்கள் கொஞ்சம்.

அரசு உதவியை மறக்கக் கூடாது. ஒன்றிய அரசின் தேசிய அயல்நாட்டு உதவித்தொகை பட்டியல் சாதியினர், சீர்மரபினர், நாடோடி, அரை நாடோடிச் சமூகத்தினர், நிலமற்ற விவசாயத் தொழிலாளர், மரபுக் கைவினைஞர் குடும்பத்துப் பிள்ளைகளுக்கானது. 125 இடங்கள், குடும்ப ஆண்டு வருமானம் 8 லட்சத்துக்குள், வயது 35க்குள், 60 விழுக்காடு மதிப்பெண். பழங்குடியினருக்குத் தனித் திட்டம் உண்டு. தமிழ்நாடு அரசின் அண்ணல் அம்பேத்கர் அயல்நாட்டு உயர்கல்வி உதவித்தொகைத் திட்டம் ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவர்களுக்கு ஆண்டுக்கு 36 லட்சம் ரூபாய் வரை தருகிறது. வருமான வரம்பை அந்தந்த ஆண்டு அரசாணையில் பார்த்துக்கொள்ளுங்கள். சம்பளம் இல்லாத, கட்டணம் மிகுந்த இடங்களுக்கு இவைதான் கைகொடுக்கும். ஆனால் வரலாறு, சமூகவியல் படிக்கும் பிள்ளைகள் கவனிக்க வேண்டும்: இந்தியப் பண்பாடு, மரபு, வரலாறு, இந்தியச் சமூகம் சார்ந்த ஆய்வுகளுக்கு உதவி இல்லை என்று ஒன்றிய அரசின் திட்டத்தில் 2022இல் ஒரு விதியைச் சேர்த்துவிட்டார்கள். தன் சமூகத்தின் வரலாற்றை வெளியே போய் ஆராய விரும்பும் தலித் மாணவரின் கதவை அது அடைக்கிறது. நியாயமில்லாத விதி, நீக்கப்பட வேண்டிய விதி.

"ஃபண்டட் பிஎச்.டி. வாங்கித் தருகிறோம்" என்று மூன்று லட்சம், நான்கு லட்சம் கேட்கும் கன்சல்டன்சிகளிடம் போகவே போகாதீர்கள். எங்கள் குழு ஆளெடுக்கும்போது எந்த இடைத்தரகரும் உள்ளே வர வழியில்லை. சம்பளம் கொடுத்து ஆளெடுக்கும் இடம் உங்களிடம் முன்பணம் கேட்காது. கேட்டால் அது போலி.

பெரிய பெயர்தான் வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்காதீர்கள். 1952இல் சிதம்பரத்தில் பிறந்த வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன் 1976இல் முனைவர் பட்டம் வாங்கியது ஒஹாயோ பல்கலைக்கழகத்தில், அதுவும் இயற்பியலில். நோபல் 2009இல் வந்தது வேதியியலுக்கு. எந்தப் பல்கலைக்கழகம் என்பதைவிட யாரிடம், எந்தக் கேள்வியோடு சேர்கிறீர்கள் என்பதைப் பாருங்கள். இந்தியாவிலேயே நெட் ஜே.ஆர்.எஃப். தேறினால் 2023 முதல் மாதம் 37,000 ரூபாயும் வீட்டு வாடகைப்படியும் கிடைக்கிறது. இங்கே நல்ல ஆய்வுக்கூடத்தில் சேர்ந்துவிட்டு, நடுவில் சில மாதம் வெளிநாட்டில் ஆய்வு செய்துவருவதும் மதிப்பான வழி. வெளிநாட்டு விண்ணப்பங்களை அனுப்பும்போதே நெட் தேர்வுக்கும் கேட் தேர்வுக்கும் படியுங்கள்.

தங்கைகளுக்கு மட்டும் ஒரு வார்த்தை. "கல்யாணத்துக்கு அப்புறம் பார்த்துக்கலாம்" என்ற பேச்சு வீட்டில் வரும். அம்மா அப்பாவிடம் கல்லூரிப் படிப்பு என்று சொல்லாமல், அரசுச் சம்பளப் படிநிலையில் வேலை என்று சொல்லுங்கள். சம்பளம், மருத்துவக் காப்பீடு, ஆண்டு விடுப்பு, பேறுகால விடுப்பு எல்லாம் சட்டப்படி உண்டு. ஒப்பந்தத்தை அச்செடுத்து, தமிழில் வரிவரியாகச் சொல்லிக் காட்டுங்கள். எனக்குத் தெரிந்த பல வீடுகளில் அந்தத் தாள்தான் அப்பாவைச் சம்மதிக்க வைத்தது.

வேலை உறுதியானதும் கையெழுத்திடும் முன் மூன்று விஷயம் கேளுங்கள்: ஒப்பந்தம் எத்தனை ஆண்டுக்கு, அந்தக் காலத்துக்குள் ஆய்வு முடியாவிட்டால் நீட்டிப்புக்குப் பணம் உண்டா, இதற்கு முன் அந்தக் குழுவில் முடித்தவர்கள் எத்தனை ஆண்டில் முடித்தார்கள். குழுவில் இப்போது இருக்கும் மாணவர் ஒருவரிடம் தனியாகப் பேச அனுமதி கேளுங்கள். மேற்பார்வையாளர் எப்படிப்பட்டவர் என்பதை அவர் சொல்லும் விதத்திலேயே புரிந்துகொள்வீர்கள். பேசவே விடமாட்டேன் என்றால் அந்த இடம் வேண்டாம். விசாவுக்கு நேரம் கிடைப்பதில் தாமதம் ஆகும். ஒப்பந்தத்தின் தொடக்க நாள் நெருங்குகிறதே என்று தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாமல், துறை அலுவலகத்துக்கு எழுதி நாளைத் தள்ளிவைக்கக் கேளுங்கள். பெரும்பாலும் இரண்டு வரிக் கடிதத்திலேயே மாற்றித் தருவார்கள்.

அன்புடன்,
உங்கள் அக்கா ஒருத்தி